தெளிவாக எழுதுவதும் ஒரு தொழிற்கல்வி



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது எழுத்தைப் பற்றி. கதை, கவிதை, கட்டுரை என்று நீங்கள் எண்ணிவிட வேண்டாம். மருந்துத் தகரத்தின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டு, இயந்திரத்தோடு வரும் கையேடு, அலுவலகப் பாரம், விபத்து அறிக்கை, விண்ணப்பக் கடிதம் ஆகிய இவையும் எழுத்துத்தான். இவற்றை எப்படி எழுதுவது என்பதற்கே பல்கலைக்கழகத்தில் ஒரு படிப்பு இருக்கிறது. தொழில்நுட்ப எழுத்து என்றும், தொழில்சார் எழுத்து என்றும் அதனைக் கூறுவர். அந்தப் படிப்பு எப்படிப் பிறந்தது, எப்படி வளர்ந்தது, நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பவற்றை இன்று காண்போம்.

முதலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறோம். அது நம்முடைய தவற்றைப் பற்றியது.

நாம் ஆசிரியப் பயிற்சியை முடித்து, தோட்டத்துப் பள்ளிக்கு வேலைக்கு வந்த புதிது. பால்மரம் சீவும் அண்ணன் ஒருவர், முதல்நாள் மழையில் ஊறிக் கிடந்த மேட்டில் பால் வாளியோடு வழுக்கி விழுந்தார். கை எலும்பு முறிந்தது. இரண்டு வாரம் கழித்து அவருடைய மனைவி நம்மிடம் வந்தார்.

“சார், உதவித் தொகைக்கு ஒரு கடிதம் எழுதணுமாம். நல்லா உருக்கமா எழுதிக் குடுங்க சார்” என்றார்.

நாமும் எழுதினோம். இரண்டு பக்கம். நல்ல மலாய் மொழியில், படித்தவர் மனம் கரையும்படி, அந்தக் குடும்பத்தின் வறுமை, நான்கு பிள்ளைகளின் பசி, அவர்கள் சிந்தும் கண்ணீர் எல்லாவற்றையும் எழுதினோம். படித்துக் காட்டியபோது அந்த அக்காள் அழுதுவிட்டார். நமக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் திரும்பி வந்தது. கூடவே ஒரு சிறு தாள். அதில் ஐந்து கேள்விகள். விபத்து எந்தத் தேதியில் நடந்தது? எத்தனை மணிக்கு? தோட்டத்தில் எந்த இடத்தில்? பார்த்தவர் யார்? எந்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார்? நாம் எழுதிய இரண்டு பக்கத்தில் இந்த ஐந்தில் ஒன்றுக்குக்கூட விடை இல்லை. மறுபடி எழுதி அனுப்பி, பணம் வந்து சேர்வதற்குள் அந்த அக்காளின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போய்விட்டது. அவர் நம்மை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. ஆனால், குறை நம்முடையதுதான் என்பது நமக்குத் தெரியும். அழகாக எழுதத் தெரிந்த நமக்கு, பயன்படும்படி எழுதத் தெரியவில்லை.

இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதன்று. உலகில் பெரிய பொறியியலாளர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் இருந்த குறைதான். அதனைப் போக்கவே இந்தப் படிப்பு தோன்றியது.

நேயர்களே, வேலையைச் சொல்லிக்கொடுப்பதற்காக எழுதுவது மிகப் பழைய பழக்கம். இங்கிலாந்தில் ஜெப்ரி சாசர் என்ற பெருங்கவிஞர் இருந்தார். அவர் 1391-ஆம் ஆண்டளவில், கவிதையை விட்டுவிட்டு ஒரு கருவியைப் பற்றி எழுதினார். அந்தக் கருவியின் பெயர் அஸ்ட்ரோலேப். சூரியனையும் விண்மீன்களையும் அளந்து நேரத்தைக் கணிக்க உதவும் உலோகத் தட்டு அது. யாருக்காக எழுதினார் தெரியுமா? பத்து வயதான லூயிஸ் என்ற சிறுவனுக்காக. தம் மகன் என்றே அவனை விளித்து எழுதுகிறார். அக்காலத்தில் அறிவு நூல்கள் இலத்தீன் மொழியில் இருந்தன. சிறுவனுக்கு இலத்தீன் அவ்வளவாகத் தெரியாது. ஆகவே அவனுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எளிய சொற்களில் எழுதினார். சொன்னதைத் திரும்பச் சொல்வதற்கும் அவர் கூச்சப்படவில்லை. பிள்ளை மறந்துவிடக் கூடாது என்பதே அவர் கவலை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. படிக்கப் போகிறவன் யார், அவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று முதலில் எண்ணிப் பார்த்து, அதன் பிறகுதான் அந்தக் கவிஞர் பேனாவை எடுத்தார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்துப் பல்கலைக்கழகங்கள் கற்பிக்கத் தொடங்கிய முதற் பாடமும் இதுதான்.

அடுத்து, இலண்டனில் 1660-ஆம் ஆண்டு ராயல் சொசைட்டி என்ற அறிவியற் கழகம் தோன்றியது. 1665 முதல் அதன் ஆய்வுச் செய்திகள் இதழாக வெளிவந்தன. 1667-இல் அதன் வரலாற்றை எழுதிய தாமஸ் ஸ்பிராட் என்பவர், அறிவியலை எழுதுவோர் அலங்காரச் சொற்களை நீக்கி, தொழிலாளரும் வியாபாரிகளும் பேசுவதுபோல் நேராக எழுத வேண்டும் என்பதே அக்கழகத்தின் கொள்கை என்றார். எண்ணிப் பாருங்கள்! கற்றவர்கள் தொழிலாளியின் பேச்சை முன்மாதிரியாகக் கொண்டார்கள்.

அதே நகரில் ஜோசப் மாக்சன் என்ற அச்சுத் தொழிலாளர், 1677-ஆம் ஆண்டு தொடங்கிக் கொல்லர் வேலை, தச்சு வேலை, கடைசல் வேலை, பின்னர் அச்சு வேலை என்று ஒவ்வொரு தொழிலையும் படங்களோடு விளக்கிப் பகுதி பகுதியாக நூல் வெளியிட்டார். அதுவரை இத்தகைய வேலை பெரும்பாலும் தகப்பனிடமிருந்து மகனுக்கும், முதலாளியிடமிருந்து வேலை பழகும் பையனுக்கும் கைப்பழக்கமாகவே சென்றது. கையில் இருந்த அறிவைத் தாளில் ஏற்றியவர்களில் இவர் ஒருவர். பட்டப் படிப்பு இல்லாத அவரை 1678-இல் ராயல் சொசைட்டி தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். அங்கேதான் இது பல்கலைக்கழகப் படிப்பாக மாறியது.

1862-ஆம் ஆண்டு சூலை 2-ஆம் நாள், அதிபர் ஆபிரகாம் லிங்கன் மோரில் சட்டம் என்ற சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒவ்வொரு மாநிலத்துக்கும், அதன் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் அரசு நிலம் வழங்கப்பட்டது. அந்த நிலத்தை விற்ற பணத்தில் விவசாயமும் இயந்திரத் தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளை அமைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த நிலத்தில் பெரும்பகுதி செவ்விந்திய மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதையும் இன்று வரலாற்றாசிரியர்கள் எடுத்துக் கூறுகிறார்கள். அதையும் நாம் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். எனினும், உழவர்களின் பிள்ளைகளும் தொழிலாளர்களின் பிள்ளைகளும் கல்லூரி வாசலை மிதிப்பதற்கு அச்சட்டம் வழி திறந்தது.

பொறியியல் படித்தவர்கள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்தார்கள். அவர்களுக்குப் பாலம் கட்டத் தெரிந்தது; சுரங்கம் தோண்டத் தெரிந்தது. ஆனால், தாங்கள் கட்டியதைப் பற்றி மற்றவருக்குப் புரியும்படி எழுத வரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறியியல் இதழ்களிலேயே இந்தக் குறை அடிக்கடி பேசப்பட்டது. கல்லூரியில் அவர்களுக்கு மொழிப்பாடம் இருக்கத்தான் செய்தது. ஆனால், அது இலக்கியத்தை நயந்து எழுதும் பாடம். அறிக்கை எழுத அது போதவில்லை. நாம் உருக்கமான கடிதம் எழுதிய கதைதான்!

இதற்கு மருந்து தேடியவர்கள் மூவரை இங்கே குறிப்பிடலாம். சுரங்கப் பொறியியலாளரும் இதழாசிரியருமான டி.ஏ. ரிக்கார்டு 1908-இல் தொழில்நுட்ப எழுத்துக்கு ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள டப்ட்ஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த சாமுவேல் சாண்ட்லர் ஏர்ல் என்பவர், 1911-இல் தொழில்நுட்ப எழுத்தின் கொள்கையும் செயல்முறையும் பற்றி ஒரு பாடநூலை வெளியிட்டார். கல்லூரி வகுப்பறைக்கென்று எழுதப்பட்ட முதல் நூலாக அதைப் பலர் கருதுகின்றனர். அடுத்து, ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியையாக இருந்த சேடா ஹார்பார்கர் அம்மையார், 1923-இல் பொறியியலாளர்களுக்கான ஆங்கிலம் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆடவர்கள் நிறைந்த பொறியியல் உலகத்துக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பெண்மணி என்பதை நம் பெண்பிள்ளைகள் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. விமானம், ரேடார், டாங்கி, லாரி என்று புதிய புதிய இயந்திரங்கள். அவற்றை இயக்க வேண்டியவர்களோ நேற்றுவரை வயலில் உழுதுகொண்டிருந்த இளைஞர்கள். பத்து நாளில் அவர்கள் வேலை பழகியாக வேண்டும். கையேடு தெளிவாக இல்லாவிட்டால் இயந்திரமும் போகும், உயிரும் போகும். ஆகவே, எழுதுவதையே முழுநேர வேலையாகச் செய்யும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். வில் ஐஸ்னர் என்ற சித்திரக் கதை ஓவியர், வண்டிகளைப் பராமரிக்கும் முறையைச் சித்திரக் கதையாகவே படைவீரர்களுக்கு வரைந்து காட்டினார். 1951-இல் இதற்கென்றே அமெரிக்க இராணுவம் ஒரு மாத இதழைத் தொடங்கியபோது அதன் கலைப் பொறுப்பும் அவரிடம்தான் வந்தது.

போர் முடிந்ததும் கணினி வந்தது. 1949-இல் பைனாக் என்ற கணினிக்கு ஜோசப் சாப்லின் என்பவர் ஒரு கையேடு எழுதினார். கணினியைப் பயன்படுத்துவோருக்காக எழுதப்பட்ட முதற் கையேடுகளில் அது ஒன்று.

ஆட்கள் தேவை என்றால் அவர்களைப் பயிற்றுவிக்க இடம் வேண்டும் அல்லவா? நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில் 1824-இல் தொடங்கப்பட்ட ரென்சலர் தொழில்நுட்பக் கல்லூரியில், 1953-ஆம் ஆண்டு பேராசிரியர் ஜே கௌல்டு என்பவர் தொழில்நுட்ப எழுத்தில் முதுகலைப் படிப்பைத் தொடங்கினார். 1958-இல் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி தொழில்நுட்பக் கல்லூரியில் இளங்கலைப் பட்டப் படிப்பு தொடங்கியது. அந்தக் கல்லூரியே இன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகம் என வழங்குகிறது. இந்தத் தொழிலில் இருந்தவர்கள் 1953-இல் சங்கங்களும் அமைத்துக்கொண்டார்கள். அவை ஒன்றாக இணைந்து வளர்ந்து, 1971 முதல் தொழில்நுட்பத் தொடர்புச் சங்கம் என்ற பெயரில் இயங்கின. அச்சங்கம் 2025-ஆம் ஆண்டு சனவரியில் மூடப்பட்டுவிட்டது. சங்கம் மறைந்தாலும் படிப்பு மறையவில்லை.

நேயர்களே, ஒரு கடிதம் தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று சிலர் கேட்கலாம். அதற்கு விடையாக, இந்தப் படிப்பின் வகுப்பறைகளில் இன்றும் பேசப்படும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம்.

1977-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் டேவிஸ் பெஸ்ஸி என்ற அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டது. உலையைக் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. அவசர காலத்துக்கென்று இருந்த நீர்ப் பம்பு தானே ஓடத் தொடங்கியது. ஆனால், அங்கிருந்த ஊழியர்கள் கருவி காட்டிய அளவைத் தவறாகப் புரிந்துகொண்டு அந்தப் பம்பை முன்கூட்டியே நிறுத்தினார்கள். உலை அப்போது குறைந்த சக்தியில் ஓடியதால் பெருந்தீங்கு நேரவில்லை.

உலையைக் கட்டிய நிறுவனத்தில் பெர்ட் டன் என்ற பொறியியலாளர் இருந்தார். இதன் அபாயத்தை அவர் உணர்ந்தார். இன்ன நிலையில் பம்பை நிறுத்தக் கூடாது என்று எல்லா நிலையங்களுக்கும் அறிவிக்க வேண்டும் என்று 1978 பிப்ரவரியில் உள்அலுவலகக் குறிப்பு ஒன்றை எழுதினார். அக்குறிப்பின் தலைப்பு வெறும் தொழில்நுட்பச் சொற்களாக இருந்தது. ஆபத்து என்ற பொருள் தரும் சொல் அதில் இல்லை. குறிப்பு ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குப் போயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொருவர் இன்னொரு குறிப்பு எழுதினார். பம்பை ஓடவிட்டால் வேறு சிக்கல் வருமா என்ற ஐயமும் அதில் சேர்ந்துகொண்டது. முடிவு எடுக்கப்படவில்லை. நிலையங்களுக்கு எச்சரிக்கை போகவில்லை.

1979 மார்ச் 28-ஆம் நாள் விடியற்காலை, பென்சில்வேனியா மாநிலத்தின் திரீ மைல் ஐலண்டு நிலையத்தில் அதே வகை வால்வு திறந்தபடி சிக்கியது. ஊழியர்கள் அதே தவற்றைச் செய்தார்கள். இம்முறை உலையின் உட்பகுதியில் ஏறத்தாழப் பாதி உருகிவிட்டது. சுற்றிலும் ஐந்து மைல் தொலைவுக்குள் இருந்த கர்ப்பிணிப் பெண்களும் சிறு குழந்தைகளும் வெளியேறும்படி ஆளுநர் கேட்டுக்கொண்டார்.

எழுத்து ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்வது நியாயமன்று. கருவியில் குறை இருந்தது. பயிற்சியில் குறை இருந்தது. நிறுவனம் நடந்த விதத்திலும் குறை இருந்தது. ஆயினும், அபாயத்தை அறிந்த ஒருவர் அதைத் தாளில் எழுதி வைத்திருந்தார் என்பதும், அந்த எழுத்து செய்ய வேண்டிய வேலையைச் செய்யவில்லை என்பதும் உண்மை. ஆகவேதான் ஆசிரியர்கள் அக்குறிப்புகளை மாணவர்கள் முன் வைத்து, நீங்களாக இருந்தால் தலைப்பு என்ன போடுவீர்கள், முதல் வரியில் எதைச் சொல்வீர்கள், யாருக்கு அனுப்புவீர்கள் என்று கேட்கிறார்கள்.

இந்த வரலாற்றில் எளிய மக்களின் பங்கும் உண்டு. பிரிட்டனில் அரசு ஊழியர்கள் விளங்காத மொழியில் எழுதுகிறார்கள் என்ற குறை நெடுநாளாக இருந்தது. அதனைத் திருத்துவதற்காக, அரசாங்க நிதித்துறை கேட்டுக்கொண்டபடி சர் எர்னஸ்ட் கவர்ஸ் 1948-இல் எளிய சொற்கள் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். ஆனால், இதை மக்கள் இயக்கமாக மாற்றியவர் கிறிஸ்ஸி மாஹர் என்ற அம்மையார். லிவர்பூல் நகரின் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பதின்ம வயதின் நடுப்பகுதிவரை அவருக்குப் படிக்கத் தெரியாது. உதவி பெற உரிமையுள்ள முதியவர்கள், பாரத்தை நிரப்பத் தெரியாத ஒரே காரணத்தால் உதவியின்றி வாடுவதை அவர் கண்டார். 1979-ஆம் ஆண்டு இலண்டனில் நாடாளுமன்றத்துக்கு எதிரேயுள்ள சதுக்கத்தில் நின்று, புரியாத அரசாங்கப் பாரங்களைப் பலர் காணத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டார். எளிய ஆங்கில இயக்கம் அன்று தொடங்கியது. அமெரிக்காவிலும் 2010-ஆம் ஆண்டு, மத்திய அரசு அலுவலகங்கள் பொதுமக்களுக்கு எளிய மொழியில் எழுத வேண்டும் என்று சட்டமே வந்தது.

இதெல்லாம் ஆங்கிலத்தின் கதை, தமிழில் இப்படி உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். தமிழ் கற்று, மாணவர்களுக்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைச் சொல்லிக்கொடுத்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, அவற்றுக்குத் தேவையான கலைச்சொற்களையும் தொகுத்தார். அறுவைச் சிகிச்சையை விளக்க நம் மொழி போதாது என்று அவர் சொல்லவில்லை. நாமும் சொல்ல வேண்டியதில்லை.

சரி, பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பைப் படிக்கும் மாணவர்கள் என்னதான் கற்கிறார்கள்? சுருக்கமாகச் சொல்கிறோம். படிப்பவர் யார், எந்த நிலையில் நின்று படிக்கிறார் என்று ஆராய்வது ஒன்று. செய்ய வேண்டிய வேலையைப் படிப்படியாகப் பிரித்து, ஒரு படிக்கு ஒரு வாக்கியம் என்று அமைப்பது இரண்டாவது. எதைச் சொல்லால் சொல்வது, எதைப் படத்தால் காட்டுவது என்று தேர்வது மூன்றாவது. எழுதியதைப் பிறர் கையில் கொடுத்து, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பக்கத்தில் இருந்து பார்த்துத் திருத்துவது நான்காவது. உண்மையை மறைக்காமல் எழுதும் ஒழுக்கம் ஐந்தாவது. இவற்றோடு ஏதேனும் ஓர் அறிவியல் துறையையோ, கணினியையோ, மருத்துவத்தையோ, சட்டத்தையோ ஓரளவு கற்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ரப்பர் பாலை உறைய வைக்க ஆசிட் கலப்பது நம்மில் பலருக்குத் தெரிந்த வேலை. இதை ஒருவர் இப்படி எழுதுகிறார்: “ஆசிட்டைத் தண்ணீருடன் கலக்கவும். ஆசிட்டின் மேல் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும்.” இதில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால், முதல் வாக்கியத்தைப் படித்தவுடன் ஒருவர் ஆசிட் வாளியில் தண்ணீரை ஊற்றிவிட்டால், இரண்டாவது வாக்கியத்தைப் படிக்க அவருக்குக் கண் இருக்குமோ இருக்காதோ! பயின்றவர் எழுதினால் இப்படி இருக்கும்: “எச்சரிக்கை: ஆசிட்டின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், தெறித்துக் கண்ணைப் பாதிக்கும். 1. கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். 2. வாளியில் முதலில் தண்ணீரை ஊற்றுங்கள். 3. தண்ணீரில் ஆசிட்டைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.” எச்சரிக்கை வேலைக்கு முன்னால் வந்துவிட்டது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால், ஒருவருடைய கண் அந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

தோட்டங்களில் மருந்து அடிக்கும் வேலையைப் பெரும்பாலும் நம் தாய்மார்களும் அக்காள்மார்களும்தான் செய்துவந்தார்கள். பேராகுவாட் என்ற களைக்கொல்லி நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் அதைத் தெளித்த கைகள் எத்தனை! 1985-ஆம் ஆண்டிலேயே, ஐக்கிய நாட்டு உணவு விவசாய நிறுவனம் உலக நாடுகளுக்கு ஒரு நடத்தை விதியை வகுத்தது. பூச்சிமருந்துத் தகரத்தின் மேல் இருக்கும் சீட்டு, பயன்படுத்துவோருக்குப் புரியும் மொழியில் தெளிவாக இருக்க வேண்டும் என்று அது கூறியது. அந்தச் சீட்டை எழுதுகிறவர் யார்? மருந்தைச் செய்தவரின் மொழியும், அதைத் தோளில் சுமந்து தெளிப்பவரின் மொழியும் ஆகிய இரண்டும் தெரிந்த ஒருவர் வேண்டும் அல்லவா? ஈரக் கையுறையோடு, வெயிலில், முதுகில் பாரத்தோடு நின்று அந்தச் சீட்டைப் படிப்பது எப்படி இருக்கும் என்று நகரத்தில் வளர்ந்த பிள்ளைக்குக் கற்பனை செய்யத்தான் முடியும். நம் பிள்ளை பார்த்து வளர்ந்திருக்கிறது.

இப்போதெல்லாம் கணினியே வாக்கியம் அமைத்துத் தருகிறதே, இனி இந்தப் படிப்புக்கு வேலை உண்டா என்ற கேள்வியும் எழுகிறது. நியாயமான கேள்விதான். வேலையின் தன்மை மாறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால், கணினி அமைத்த வாக்கியம் சரியா, அதை நம்பி ஒருவர் கை வைத்தால் காயப்படுவாரா என்று பார்த்துச் சொல்லவும், தவறு நேர்ந்தால் பொறுப்பேற்கவும் ஒரு மனிதர் வேண்டும். அவர் வேலையையும் அறிந்திருக்க வேண்டும். மொழியையும் அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்கு அறிவியலிலும் விருப்பம், மொழியிலும் விருப்பம் என்றால், இரண்டில் ஒன்றை விட்டுவிடு என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். இரண்டும் சேரும் இடம் ஒன்று இருக்கிறது. தொழில்நுட்பத் தொடர்பு, தொழில்சார் எழுத்து, தொழில்சார் தொடர்பு என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள். பொறியியலோ தாதிமைத் தொழிலோ படிக்கும் பிள்ளைகளும், அறிக்கை எழுதும் பாடத்தை ஒதுக்கிவிட வேண்டாம்.

நிறைவாக ஒன்று. அன்று திரும்பி வந்த அந்த ஐந்து கேள்விகளையும் பெரிய எழுத்தில் எழுதி நம் வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், யார் பார்த்தார், பிறகு என்ன செய்யப்பட்டது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எதைப் பற்றி எழுதினாலும் முதலில் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார்கள்.

நீங்களும் இன்றிரவு வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். சீவு கத்தியைத் தீட்டுவது எப்படி, அல்லது ரசம் வைப்பது எப்படி என்று பிள்ளையை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் அப்பாவோ அம்மாவோ அந்தத் தாளில் உள்ளதை உள்ளபடியே செய்யட்டும். எழுதாத எதையும் தாமாகச் செய்ய வேண்டாம். தண்ணீர் ஊற்று என்று எழுத மறந்திருந்தால் வெறும் சட்டி அடுப்பில் காயும். எல்லாரும் சிரிப்பீர்கள். பிள்ளை தாளை வாங்கி, விட்டுப்போன வரியைச் சேர்க்கும். சாசர் தொடங்கி இன்றுவரை இந்தக் கல்வியில் ஈடுபட்டவர்கள் எல்லாரும் செய்த வேலை அதுதான்.